ஓடையை மறித்தவர்கள்

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

குற்றாலம் சீசனைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள். மனு எழுதி ஓய்ந்துபோய்த்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். விதிகளைச் சொல்லப்போவதில்லை, அவை உங்களுக்குத் தெரியும். நான் பேச வந்தது தனியார் அருவிகளைப் பற்றி மட்டும்.

மலையடிவாரத் தோப்புகளுக்குள் ஓடையை மறித்து, கான்கிரீட் சுவர் எழுப்பி, குழாய் வழியே தண்ணீரை மேலிருந்து விழச்செய்து, விடுதிக்கு வருகிறவர்களுக்கென்றே ஓர் அருவி! இது வதந்தி இல்லை. 2022-இல் வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், இப்படி நீர்வழியைத் திருப்பியவர்கள்மீது நடவடிக்கை எடுக்க உத்தரவானது. அந்தச் சுவர்கள் ஒரே ராத்திரியில் முளைத்தவையா? கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் எந்த வழியாகப் போயின? ஒருவர் வழக்குப் போட்ட பிறகுதான் அரசின் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா?

குளித்த தண்ணீர் திரும்ப ஓடைக்குத்தானே போகிறது என்பார்கள். எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் கலந்தல்லவா போகிறது! பொது அருவிகளான பேரருவியிலும் ஐந்தருவியிலும் இவற்றுக்குத் தடை. விடுதிக் காம்பவுண்டுக்குள் யார் போய்ப் பார்க்கிறார்கள்? இந்த மலை ஓடைகள் சேர்ந்துதான் சிற்றாறு. சிவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்கிறவரைக்கும் வழியெல்லாம் குளங்களையும் வயல்களையும் வாழவைக்கிற ஆறு அது. ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது கூட்டம் வருகிறது. அதே மாதங்களில்தான் இங்கே கார் நெல் வயலில் நிற்கிறது. மடையைப் பார்த்துக் காத்துக் கிடக்கும் விவசாயிக்கும் அதுதான் சீசன். கூட்டம் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டோக்காரரும் பழக்கடைக்காரரும் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். வேலிக்குள் அடைத்த அருவியால் அவர்களுக்கும் ஒரு காசு லாபமில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். எல்லோரும் வந்து போகிற அருவியிலேயே இந்தக் கதி. தோப்புக்குள் மறித்துவைத்த ஓடையில் வெள்ளம் இறங்கினால், அங்கே குளிக்கிற பிள்ளைகளை யார் எச்சரிப்பார்கள்? அங்கே ஒரு சாவு நேர்ந்தால் எந்த அதிகாரி பதில் சொல்வார்?

நீதிமன்றம் சொல்லி ஆண்டுகள் ஓடிவிட்டன. எந்த ஓடை எங்கே மறிக்கப்பட்டது, எந்தச் சுவர் இடிக்கப்பட்டது, எது இன்னும் நிற்கிறது என்று அருவிக்கரையிலேயே பலகையில் எழுதி வையுங்கள். நிற்பதை அடுத்த சாரலுக்குள் இடியுங்கள். முடியாதென்றால், யாருக்காக முடியவில்லை என்பதையாவது மக்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிற்றாற்றுப் பாசனத்தை நம்பி வாழும் ஒருவன்