பனிக்கு இடமுண்டு, காற்றுக்கு இல்லை

பேரிடர் என்று எதை அழைப்பது என்பதற்கு ஒன்றிய அரசிடம் ஒரு பட்டியல் உண்டு. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும் என 12 இனங்கள். இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் ராஜ்கட் பள்ளத்தாக்கு பீச் பழத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே பூத்துநிற்கும் மரத்தின் மீது உறைபனி இறங்கினால் அது பேரிடர். அந்த விவசாயிக்கு அந்த ஒரு சொல்லாவது பட்டியலில் இருக்கட்டும். அவருக்குக் கிடைப்பதே அற்பம். அதன் மீது எவருக்கும் பொறாமை இல்லை. ஆனால் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் சித்திரை மாதத்து மாலை ஒன்றில் அரைமணி நேரம் வீசும் சூறைக்காற்று, குலைதள்ளிய வாழைத் தோட்டத்தைப் பாய் விரித்தாற்போலக் கிடத்திவிட்டுப் போனால், அது பட்டியலில் இல்லை. வானிலைத் துறை பெயர் சூட்டிய புயலாக வந்தால் மட்டுமே காற்றுக்கு அரசாங்க மரியாதை.

2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிக்குப் பெயர் இருந்தது. கடலில் நூற்றுக்கணக்கான மீனவர்களைக் காவுகொண்ட அந்தப் புயல், கரையில் குமரி மாவட்டத்து வாழையையும் ரப்பரையும் முறித்துப்போட்டது. அமைச்சர்கள் வந்தார்கள், மத்தியக் குழு வந்தது. பெயரில்லாக் காற்றுக்கோ எந்தக் குழுவும் வருவதில்லை. ஆனால் எல்லையோரத்து வாழை விவசாயியின் கடன் கணக்கைத் திறந்து பார்த்தால், அவரை வீழ்த்தியது பெரும்பாலும் இந்தப் பெயரில்லாக் காற்றுதான்.

வாழை மரமன்று. ஆணிவேர் இல்லாத, இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிப் பொதிந்த ஒரு தண்டு. அதன் தலையில்தான் பத்துப் பன்னிரண்டு கிலோ குலை தொங்குகிறது. ஏத்தன் எனப்படும் நேந்திரனுக்கு நட்டது முதல் வெட்டுவது வரை ஏறத்தாழ பத்து மாதம். ஓணச் சந்தையைக் குறிவைத்து ஐப்பசி, கார்த்திகையில் நட்டவை கோடைமழைக்கு முன்னான காற்றுக்காலத்திலும் அதைத் தொடரும் தென்மேற்குப் பருவத்திலும் குலைதள்ளிக் கனத்து நிற்கும். எப்போது மிக விலைமதிப்புடையதோ அப்போதே மிகப் பலவீனமானது. ஊன்றுகோல் கொடுத்தும் கயிற்றால் இழுத்துக் கட்டியும் காக்கலாம். அதற்கும் காசு வேண்டும்.

இந்த நிலத்தின் மீது நின்றுகொண்டுதான் 'உள்ளூர்ப் பழத்தையே உண்ணுங்கள்' என்ற உபதேசத்தை எடைபோட வேண்டும். உபதேசம் தவறானதன்று. களியக்காவிளைச் சந்தையில் மட்டி, பாளையங்கோடன், ரசகதலி, எல்லைக்கு இப்பால் செந்துளுவன் என்றும் அப்பால் கப்பப்பழம் என்றும் வழங்கும் செவ்வாழை எனக் குவிந்துகிடக்கும் வகைகளைக் கண்டவர்கள், எங்கிருந்தோ குளிரூட்டிய பெட்டியில் வந்து ஒரே நிறத்தில் மின்னும் பழத்தை நாடமாட்டார்கள். பால்குடி மாறாப் பிள்ளைக்கு ஊட்டப்படும் மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் உபதேசிப்பவர் யார் என்று கேட்க வேண்டாமா? 2020 மே 12 அன்று பிரதமர் மோடி உள்நாட்டுப் பொருளுக்குக் குரல் கொடுக்கச் சொன்னார். 24 நாட்கள் கழித்து, ஜூன் 5 அன்று, சந்தையைக் கார்ப்பரேட்டுகளுக்குத் திறந்துவிடும் மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் பிறந்தன. குரல் உள்ளூருக்கு, கொள்முதல் கார்ப்பரேட்டுக்கு! தில்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்த விவசாயிகள் அவற்றைத் திரும்பப் பெற வைத்தார்கள் என்பது வேறு வரலாறு.

காற்றடித்த ஆண்டில் சந்தையில் நிகழ்வது என்ன? வீழ்ந்த மறுநாளே பிஞ்சுக் குலைகள் மொத்தமாக வந்து இறங்கும். முற்றாத காய் உப்பேரிக்கு ஆகாது. துவரனுக்கும் எரிசேரிக்கும் கொஞ்சம் போகும். மிச்சத்துக்கு வியாபாரி சொன்னதே விலை. இரண்டு மாதம் கழித்து உள்ளூர்க் காய் இல்லாமல் போகும்போது விலை ஏறும். அந்த ஏற்றம், குலை பறிகொடுத்தவருக்குப் போகாது. வயநாட்டிலிருந்தும் தேனி, மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்தும் லாரியில் காய் கொண்டுவர முதல் உள்ளவருக்கே போகும். உண்பவர் கூடுதலாகக் கொடுக்கிறார். விளைவித்தவர் குறைவாகப் பெற்றார். பற்றாக்குறைக் காலத்தில் உள்ளூர்ப் பழத்தை அருமையாகச் சுவைப்பது ஒரு பண்பாடு என்று எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கண்டுகொள்வதே இல்லை.

சரி, நிவாரணம் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். 2022-26 ஆண்டுகளுக்கான பேரிடர் நிதி விதிகளின்படி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் அழிந்தால், பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். பல்லாண்டுப் பயிருக்கு 22,500. அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 வாழை. ஆக ஒரு வாழைக்கு 6 ரூபாய் 80 காசு. தாராளமாக மேல்விகிதத்தையே கொடுத்தாலும் 9 ரூபாய். முறிந்த வாழைக்கு முட்டுக்கொடுத்த கம்பின் விலைகூட இதில் தேறாது.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2016இல் ஆரவாரத்தோடு வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், பொதுவாக ஒரு பகுதியின் சராசரி விளைச்சலைக் கொண்டே இழப்பை அளக்கிறது. தனி வயலில் நேர்ந்த இழப்பை அளக்க அது ஒப்பும் இடர்கள் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீர் தேங்கல், மேகவெடிப்பு, மின்னலால் மூளும் தீ முதலியவை. இங்கும் காற்றைக் காணோம்! ஒரு வாய்க்காலுக்கு இப்புறத் தோட்டத்தை மட்டும் துடைத்துவிட்டு அப்புறத்தைத் தொடாமல் போவது சூறைக்காற்றின் இயல்பு. சராசரியில் அது மறைந்துபோகும். கேரளத்தில் நடப்பிலுள்ள வானிலை அடிப்படைக் காப்பீட்டில் காற்று கணக்கில் வருகிறது. 1995 முதல் மாநில அரசின் சொந்தப் பயிர்க் காப்பீடும் உண்டு. மின்னல், கடலரிப்பு ஆகியவற்றோடு பலத்த காற்றையும் மாநிலத்துக்கே உரிய பேரிடராகக் கேரளம் அறிவித்திருக்கிறது. ஆனால் அத்தகைய பேரிடர்களுக்கு மாநிலப் பேரிடர் நிதியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் செலவிடக் கூடாது என்பது ஒன்றிய அரசின் கட்டளை. தென்கோடியின் காற்றுக்கு தில்லி அளந்துவைத்த அளவு அவ்வளவே.

இத்தனையும் நிலத்தின் உரிமையாளருக்கு. எல்லையோர ஊர்களில் வாழை வைப்பவர்களில் பலர் பாட்டத்துக்கு நிலம் எடுத்தவர்கள். அப்பால் கரம் கட்டிய ரசீதும் இப்பால் பட்டா, சிட்டா, அடங்கலும் வேறொருவர் பெயரில் இருக்கும். கிராம அலுவலகத்துக்கு அவர் விவசாயியே அல்லர். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டத்திலும் அவருக்கு இடமில்லை. இதில் இடதுசாரிகள் மழுப்பாமல் பேசவேண்டிய ஒரு செய்தி உண்டு. 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை ஒழித்து உழுதவரை நில உரிமையாளராக்கிய கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், புதிய குத்தகைகளையும் தடைசெய்தது. அன்று அது ஜன்மிகள் பின்வாசல் வழியாகத் திரும்பாமல் காத்த கதவு. இன்றோ, வாய்மொழியாகப் பாட்டம் பேசி வாழை நடும் நிலமற்றவர் காகிதமின்றி நிற்கிறார். இதைச் சாக்காக வைத்து 2016இல் நிதி ஆயோக் கொண்டுவந்த மாதிரிக் குத்தகைச் சட்டம், பெருநிறுவனங்கள் நிலத்தை வளைக்க வழிசெய்வது. அதை ஏற்க முடியாது. ஆனால் நில உரிமையைத் தொடாமலே சாகுபடியாளருக்கு அடையாள அட்டை வழங்க முடியும். ஆந்திரம் 2011இலேயே அதற்குச் சட்டம் இயற்றியது. அதன் அமலாக்கத்தில் ஆயிரம் ஓட்டைகள் இருக்கலாம், கொள்கை சரியானது.

எல்லை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மொழி அப்படிப் பிரியவில்லை, உறவு பிரியவில்லை, பாட்டமும் பிரியவில்லை. பாறசாலையில் குடியிருந்து களியக்காவிளைக்கு இப்பால் வாழை வைப்பவர், காற்றடித்த மறுநாள் கிருஷி பவனுக்குப் போனால் நிலம் இங்கில்லை என்பார்கள். தமிழகத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனால் பட்டா எங்கே என்பார்கள். இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே காற்றுக்கு மட்டும் சோதனைச்சாவடி இல்லை.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருட்களுக்கு அடிப்படை விலையை நடைமுறைப்படுத்தியது. நேந்திரனுக்குக் கிலோவுக்கு 30 ரூபாய். உற்பத்திச் செலவோடு 20 விழுக்காடு. சுவாமிநாதன் ஆணையம் சொன்ன 50 விழுக்காட்டுக்கு அது எட்டவில்லை என்றாலும், நாட்டில் முதன்முதலாகக் காய்கனிக்கு ஒரு தரைவிலை. ஒன்றிய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்களில் ஒரு பழம்கூட இல்லை. விலை சரியும்போது தலையிட்டு வாங்குவதற்கான தலைப்பில் முன்னாண்டில் 1,500 கோடி இருந்த இடத்தில், 2023-24 நிதிநிலை அறிக்கை ஒதுக்கியது ஒரு லட்சம் ரூபாய். அச்சுப்பிழையன்று! ஆனால் அடிப்படை விலை, வெட்டி விற்கக் குலை இருப்பவருக்கே உதவும். வீழ்ந்த குலைக்கும் அதை நீட்டித்தாக வேண்டும். ஹார்ட்டிகார்ப்பும் கூட்டுறவுச் சங்கங்களும் காற்றடித்த மறுநாளே ஊருக்குள் வந்து, முற்றாத காயையும் ஒரு நியாய விலைக்கு எடுத்து, பள்ளி மதிய உணவுக்கும் மருத்துவமனைச் சமையற்கூடங்களுக்கும் அனுப்பலாம். அதில் நுட்பச் சிக்கல் ஏதுமில்லை.

காற்றில் தப்பிநின்ற வாழையின் காய் சற்றுச் சிறுத்திருக்கும். இலை கிழிந்தால் காய் திரளாது. தோலில் உரசிய தழும்பும் இருக்கும். அவித்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் இனிப்பில் ஒரு குறையும் இராது. நகரத்துப் பெருங்கடைகள் தழும்பைக் காட்டி இரண்டாந்தரம் என்று விலையை அறுக்கின்றன. அதே கடைகளின் சுவரில் 'விவசாயியிடமிருந்து நேராக' என்ற விளம்பரம். இந்தத் தரப்பிரிப்பைக் கூட்டுறவு அங்காடிகளாவது நிறுத்தட்டும்.

சூறைக்காற்று பேரிடர் பட்டியலிலும் தனிவயல் இழப்புப் பட்டியலிலும் சேர்க்கப்பட வேண்டும். நிவாரணம் வாழைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட வேண்டும். பாட்டச் சாகுபடியாளரை இரு மாநில அரசுகளும் சேர்ந்து பதிவுசெய்து, எல்லைக்கு எப்புறம் நிலம் இருந்தாலும் செல்லுபடியாகும் அட்டை தர வேண்டும். அடுத்த கோடைமழை வருமுன் இதைத் தொடங்கக் காலம் இருக்கிறது.