அரிசி நம்முது, சோறு குழைஞ்சா சமையல்காரர் தப்பா?

"இந்தக் கொத்தனாருங்களே இப்படித்தான் சார், ஏமாத்துக்காரனுங்க." வீடு கட்டின யாரைப் பார்த்தாலும் இதே புலம்பல். நானும் புலம்பினவன்தான். அதனால கொஞ்சம் உண்மையைப் பேசுவோம் மக்களே.

லேபர் கான்ட்ராக்ட்னா என்ன? கூலி மேஸ்திரிக்கு, பொருள் வாங்கறது நாம. எம்-சாண்ட் விலையைக் கேட்டு மிரண்டு கிரஷர் டஸ்ட்டை இறக்குறதும் நாமதான். சுவர் விரிசல் விட்டா மட்டும் மேஸ்திரி கை சரியில்லையாம்!

என் கதையைக் கேளுங்க. காம்பவுண்டு சுவர் பூச்சுக்கு, நண்பர் வீட்டுல மிஞ்சின பத்து மூட்டை சிமெண்ட்டைப் பாதி விலைக்கு அள்ளிட்டு வந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்கத் தரையில கிடந்த சரக்கு. மேஸ்திரி மூட்டைக்குள்ள கையை விட்டுப் பார்த்தார். "கட்டி தட்டிருச்சு சார். பூச்சு நிக்காது."

"சலிச்சுப் போடுங்க மேஸ்திரி, எல்லாம் நிக்கும்"னேன், என்னமோ நாப்பது வருஷம் கரண்டி பிடிச்சவன் மாதிரி.

சிமெண்ட் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து மூட்டைக்குள்ளயே இறுக ஆரம்பிச்சுடும். சலிச்சா கட்டிதான் போகும். போன பலம் திரும்பாது. எந்த வாரம், எந்த வருஷம் தயாரிச்சதுன்னு மூட்டையிலயே அச்சடிச்சிருக்கு. 3 மாசம் தாண்டினதைச் சோதிக்காம போடக்கூடாது. டஸ்ட்டுல கல்மாவு அதிகம். தண்ணியைக் குடிக்கும், காயும்போது சுருங்கி விரிசல் விடும்.

நாலே மாசத்துல என் சுவர் விரலால சுரண்டினா மண்ணாக் கொட்டுச்சு. தெருவே வேடிக்கை பார்க்க மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கத்தினேன். மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. ரெண்டு ஆளோட ரெண்டு நாள் வந்து, கொத்திட்டுப் பூசிக் கொடுத்தார். கூலி வாங்கல. ஆளுங்களுக்கும் அவர் கைக்காசுதான். இந்தத் தடவை நான் வாங்கினது புது சிமெண்ட். அதே கைதான் பூசுச்சு, இன்னிக்கும் நிக்குது.

"தெரிஞ்சா முடியாதுன்னு போயிருக்கணும்"கறீங்களா? போனா அவர் கூலியும் போச்சு, அவரை நம்பி வந்த சித்தாள் கூலியும் போச்சு. அடுத்து வர்ற மேஸ்திரி வாயை மூடிக்கிட்டுப் பூசிட்டுப் போவார்.

வேலை தெரியாத மேஸ்திரியே இல்லைங்கல. நல்ல சரக்கைக் கொடுத்தும் சொதப்பினா தாராளமா சண்டை போடுங்க. ஆனா "வேணாம் சார்"னு அவர் சொன்ன சரக்கை நாம போடச் சொன்னா, கொத்துற கூலியும் மறுபடி பூசுற கூலியும் நம்ம பாக்கெட்டுலேர்ந்துதான் வரணும். அதுதான் நியாயம்.

டிஸ்கி: அந்தக் கூலியைப் பிறகு கொடுத்துட்டேன். கத்தினது தெருவுல, கொடுத்தது வீட்டுக்குள்ள. அது இன்னும் உறுத்துது.