ஒரு சட்டி பருப்புக்கறியின் கணக்கு

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேர் நெருங்கினால் நமது லயங்களில் மீனும் கருவாடும் நின்றுவிடும். வெள்ளிக்கிழமையும் புரட்டாசிச் சனியும் அப்படித்தான். விரத நாட்களில் செலவு குறையும், மரக்கறிதானே என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது உண்மையா என்று ஒருமுறை கணக்குப் பார்ப்பது நல்லது.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைப் பருப்புக்கறிக்கு என்ன வேண்டும்? கால் கிலோ மைசூர் பருப்பு, அரைத் தேங்காய், ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், நாலு பல் பூண்டு, மஞ்சள் தூள், தாளிக்கக் கடுகும் செத்தல் மிளகாயும் தேங்காய் எண்ணெயும். கறிவேப்பிலை மட்டும் லயத்துக்குப் பின்னால் சும்மா கிடைக்கிறது. இரண்டாம் பாலில் பருப்பை வேகவைத்து, முதற்பாலை ஊற்றி இறக்கித் தாளித்தால் அது கறி. ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்ட பிறகு பல வீடுகளில் பாலே இல்லை. பச்சைத் தண்ணீரில் வேகிறது. கால் கிலோ 150 கிராமாகிறது. சட்டி நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது தண்ணீர்.

இதை வாய் ருசிக் குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 32 பேர். மீனும் முட்டையும் அருமையாகிப்போன வீட்டில் பிள்ளையின் உடம்பில் சதை வைப்பது இந்தப் பருப்புதான். அதிலும் தண்ணீர் கூடினால் அந்த 32 எப்படிக் குறையும்?

இனி கடைகளைப் பார்ப்போம். நமக்கு எட்டக்கூடியவை நாலு. தோட்டத்துக் கடை பக்கத்திலேயே இருக்கிறது, கொப்பியில் எழுதிவிட்டுத் தருகிறது. ஆனால் 100 கிராம், 50 கிராம் பொட்டலமாகத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம். ரத்தோட்டை, உக்குவளை, மாத்தளை டவுன் கடைகளில் கிலோ விலை குறைவு, ஆனால் கையில் காசு வேண்டும், பஸ்ஸுக்கும் காசு வேண்டும். சதொசவிலும் கூட்டுறவுக் கடையிலும் அரிசி, பருப்பு, சீனி சில வேளை இன்னும் மலிவு. போகிற நாளில் சாமான் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தையில் மரக்கறி மலிவு, பொழுது சாயச் சாய இன்னும் மலிவு.

பொட்டலத்தின் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு 100 கிராம் பருப்புக்கு டவுன் விலையைவிட 4 ரூபா கூடக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 4 ரூபா பெரிதாகத் தெரியாது. கிலோவுக்கு அது 40 ரூபா. நாளொன்றுக்குக் கால் கிலோ என்றால் மாதம் ஏழரைக் கிலோ. ஆக, பருப்பில் மட்டும் 300 ரூபா. டவுனுக்குப் போய்வர பஸ்ஸுக்கு 200 ரூபா என்றால் ஒரு வீட்டுக்கு மிஞ்சுவது 100 ரூபாதான். அதற்காக யாரும் அரை நாளைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஐந்து வீடு சேர்ந்து ஒருவரை அனுப்பினால் மிச்சம் 1300 ரூபா. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனது. அதாவது, அந்தச் சம்பளக் கணக்கில் ஏறக்குறைய ஒரு நாள் பேர் அந்தப் பொட்டலங்களுக்குள் கிடந்தது. அரிசி, மா, சீனி, எண்ணெய் எதையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. 4 ரூபாவும் 200 ரூபாவும் நாம் வைத்த உதாரணம். உங்கள் தோட்டத்து விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடைக்காரர் நமது எதிரி என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலும் அவரும் நம்மில் ஒருவர். உடைந்த ரோட்டில் வாகனக் கூலி கொடுத்து சாமான் ஏற்றுகிறார். 2022இல் வேலையும் கூலியும் தடுமாறிய நேரத்தில் பல வீட்டு அடுப்பு எரிந்தது கொப்பிக் கடனில்தான். ஆனால் கடனுக்கும் ஒரு விலை உண்டு, அது பருப்பு விலைக்குள் ஒளிந்திருக்கிறது. பத்தாந் தேதி சம்பளம் வந்ததும் பழைய கொப்பியை அடைக்கிறோம். மிச்சம் இல்லாததால் மறுநாளே புதுப் பக்கம் திறக்கிறோம். அதனால் நாம் உண்மையில் கடையைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. கடையைத் தேர்வது கையில் காசிருக்கும் தேதிதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சம்பள நாளில் டவுனுக்குப் போய் மொத்தமாக வாங்கி வருவது பெரும்பாலும் ஆண்கள். கொழுந்து நிறுத்துவிட்டு, பால் வெட்டிக் கொடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் பொட்டலம் வாங்கப் போவது பெண்கள். கூடிய விலையும் அவர்கள் தலையில்தான்.

சம்பளப் போராட்டத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பல வருடம் கேட்டு 1000 ரூபாவை வாங்கியது 2021இல். அடுத்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 100 ரூபாச் சாமான் ஒரே வருடத்தில் 195 ரூபா. 1350 ரூபா வந்தது 2024 செப்டெம்பரில். இடைப்பட்ட காலத்தில் வாங்கிய சம்பளத்தைக் கடை வாசலில் பறிகொடுத்தோம். ஆகவே பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது நம் கையில் ரூபாக் கணக்கோடு சட்டிக் கணக்கும் இருக்க வேண்டும். ஒரு நாள் பேருக்கு எத்தனை சட்டி பருப்புக்கறி, பாலோடு, என்று கேட்க வேண்டும்.

இதற்கு நாம் முன்வைக்கும் வேலைகள் மூன்று.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் அணி சம்பள வாரத்தில் பத்துச் சாமானின் விலையைத் தோட்டத்துக் கடை, டவுன், சதொச மூன்றிலும் கேட்டு எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். கிலோ விலையாகவே எழுத வேண்டும். ஒரு வருடத்துத் தாள்களைச் சேர்த்தால் அதுவே சம்பளப் பேச்சுக்கு நமது ஆதாரம்.

இரண்டாவது, உரிமையைக் கேட்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விலைப்பட்டியலைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். தராசுக்கு முத்திரை இருக்க வேண்டும். இதைத் தோட்டத்துக் கடையில் மட்டுமல்ல, டவுன் கடையிலும் கேட்போம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

மூன்றாவது, சேர்ந்து வாங்க வேண்டும். பல தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் பெயரளவில் கிடக்கிறது. பருப்பும் அரிசியும் மூட்டையாக இறக்கிப் பங்கிட அதைப் பயன்படுத்தலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். முடியாது என்றால் ஐந்து வீடு போதும். நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் நமது மாவட்டத்தில்தான் இருக்கிறது. தோட்டத்துக் கடைக்காரரும் விரும்பினால் சேரட்டும். மொத்தமாக வாங்கினால் அவருக்கும் விலை குறையும்.

கொப்பிக் கடன் ஒரே மாதத்தில் ஒழியாது. பருப்பிலிருந்து தொடங்குவோம். வருகிற பத்தாந் தேதிக்கு முன் உங்கள் லயத்தில் ஐந்து வீட்டைச் சேருங்கள், விலைத்தாளின் ஒரு பிரதியை நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் எல்லாத் தோட்டத்து விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடுவோம்.