பஸ் இல்லாமல் ஓடிய பஸ்

குறும்படம் எடுக்கும் தம்பி ஒருவர் 'அண்ணை றைற்' தனிநடிப்பை முழுநீளப் படமாக்க ஆசைப்படுகிறார். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பழைய சீ.ரீ.பி. பஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, சனத்தை நிரப்பி, அந்தக் கால நெரிசலை அப்படியே காட்டலாம் என்கிறார். எனக்கு அங்கேதான் தயக்கம்.

கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரன் அந்தத் தனிநடிப்பை மேடையேற்றியபோது அவரிடம் பஸ்ஸும் இல்லை, பயணிகளும் இல்லை. நின்றது ஒரேயொரு கொண்டக்டர். அவர் யாரை அதட்டுகிறார், யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதை வைத்தே முழுச் சனத்தையும் நாங்கள் கண்டோம். அவர் ஏசிய பயணிக்கு நான் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒருவரின் முகத்தைக் கொடுத்தேன். பக்கத்துக் கதிரைக்காரர் தன் ஊர் ஆளின் முகத்தைக் கொடுத்திருப்பார். கமெரா அத்தனை பேரையும் இருத்திக் காட்டிவிட்டால் எங்களுக்கு அங்கே என்ன வேலை?

இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகி வரவேற்புப் பெற்றதே என்று தம்பி கேட்கலாம். பெற்றதுதான். ஆனால் வானொலியில் மரிக்காராகப் பேசிய எஸ். ராம்தாஸே திரையிலும் மரிக்கார். அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், ஐயராக வந்த பி. எச். அப்துல் ஹமீத் எல்லோரும் அப்படியே. முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ் நான்கும் முட்டிமோதிய சத்தத்தில்தான் சிரிப்பே பிறந்தது. பழகிய குரல்களுக்கு முகம் பார்க்கச் சனம் போனது. இன்று வேறு நாலு பேரை வைத்து எடுத்தால் அந்தப் பழக்கத்துக்கு எங்கே போவது?

அப்படி வேறு ஆட்களை வைத்து எடுத்துப் பார்த்ததும் உண்டு. சித்ராலயா கோபுவின் 'காசேதான் கடவுளடா' படம் 1972இல் வந்தது. 2023இல் மிர்ச்சி சிவாவும் யோகி பாபுவும் நடிக்க மறுபடி எடுத்தார்கள். கதை இருந்தது, போலிச் சாமியாரும் இருந்தார். ஆனால் முதல் படத்தில் தேங்காய் சீனிவாசன் சாமியார் வேடத்துக்குள் மெட்ராஸ் பாஷையை அடக்க முடியாமல் தவித்த தவிப்பை எந்தத் திரைக்கதையிலும் எழுதி வைக்க முடியாது. ஹொலிவூட்டில் 2012இல் 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற பழைய நகைச்சுவை மூவரையும் புது நடிகர்களைக் கொண்டு எடுத்தார்கள். அடியும் குட்டும் அச்சொட்டாக இருந்தன. எனக்கு அது திறமான நகலாக மட்டுமே பட்டது.

தம்பி, உங்களிடம் திறமை இருக்கிறது. இன்றைக்குப் பருத்தித்துறை மினி பஸ்ஸில் ஏறுங்கோ. பாட்டின் அலறலுக்கு மேலால் கத்தும் கொண்டக்டர் இருக்கிறார், கைபேசியில் வெளிநாட்டு மகனோடு கதைக்கும் அம்மா இருக்கிறார். அவர்களை இன்னும் யாரும் நடித்துக் காட்டவில்லை.

பாலச்சந்திரன் 2014இல் கனடாவில் காலமானார். இனி அவருடைய குரல்தான் எங்களிடம் மிச்சம். வீட்டில் 'அண்ணை றைற்' கசெற் வைத்திருப்பவர்கள் அது பூஞ்சணம் பிடிக்க முன்னர் நூலக நிறுவனத்திடம் கொடுத்து, எண்ணிமப் பதிவாக்கச் சொல்லுங்கள்.