ரப்பருக்குள் இருக்கும் பொடி

மின்கம்பத்தில் பீங்கானுக்குப் பதில் சிலிகான் ரப்பர் இன்சுலேட்டர் வந்ததும், "ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?" என்று நம் உத்திரமேரூர்ப் பக்கம் கேட்கிறார்கள். அதில் கலக்கும் பொடியைப் பொறுத்தது அது.

தூசியும் பனியும் சேர்ந்தால் ரப்பர் மேல் மின்பொறி பறக்கும். அலுமினா ட்ரைஹைட்ரேட் பொடியின் எடையில் சுமார் 35 சதவீதம் நீர். 200 டிகிரியைத் தாண்டினால் அது ஆவியாகிச் சூட்டைத் தணிக்கும். பொடி குறைந்தால் ரப்பர் அரிக்கும், மிஞ்சினால் விறைத்துப்போகும்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பழுதானால் கம்பத்தைத் தொடும் ஆளுக்கும் மாட்டுக்கும் ஆபத்து. ஆகவே விலையை மட்டும் பார்க்காமல், அரிப்பைச் சோதிக்கும் ஐ.இ.சி. 60587 சோதனையில் தேறியதா என்றும் கேட்டு வாங்க வேண்டும். சபை உறுப்பினருக்கே தகுதி வகுத்துக் கல்லில் வெட்டிய ஊர் நம்முடையது. இன்சுலேட்டருக்கும் தகுதி கேட்கலாமே!