லோடு வண்டிக்கு டயர் வாங்கும்போது

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் டயர் மாற்றப் போனால், பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் படித்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்கிறார். 'ஒய்' என்ற எழுத்து மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மண்டிக்கும் கடைக்குமாக நாளெல்லாம் ஓடும் நம் லோடு வண்டிக்கு டயர் வாங்கும் நாமோ, "எது விலை குறைவு?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துக் கொள்கிறோம். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் சரக்கு எடுக்காத நாம், டயருக்கும் தேதி உண்டு என்பதைக் கவனிப்பதே இல்லை.

நமக்கு வேகம் பெரிதல்ல, எடைதான் பெரிது. வேக எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் எடையைச் சொல்லும். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். 86 என்றால் 530 கிலோ. 12 அங்குல சக்கரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவில் கார் டயரும் கிடைக்கிறது, லோடு டயரும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சக்கரத்திலும் உட்கார்ந்துவிடும். 'எல்.டி.' அல்லது 'சி' என்ற எழுத்து இருந்தால்தான் அது லோடு டயர். விலை குறைகிறதே என்று 86 இருக்க வேண்டிய இடத்தில் 74 மாட்டினால், ஒரு சக்கரத்துக்கு 155 கிலோ, அதாவது ஆறு சிப்பம் அரிசி, தாங்க ஆளில்லாமல் போகிறது. நான்கு சக்கரத்துக்கும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த வண்டியை ஓட்டிப் போகிறவர் நம் கடைப் பையன் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். (86 போட்டுவிட்டு அதற்கும் மேல் ஏற்றும் அன்பர்களைப் பற்றி எழுதினால் கோபித்துக் கொள்வார்கள், இப்போதைக்கு விட்டுவிடுகிறோம்.)

எண் சொல்லும் எடையும், குறித்த அளவு காற்று இருந்தால்தான் செல்லும். "வெயில் காலம், காற்றைக் கொஞ்சம் குறைத்து வை" என்று டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரோ தெரியவில்லை. இது முற்றிலும் தவறு. காற்றுக் குறைந்த டயர் சுமையோடு உருளும்போது அதன் பக்கச் சுவர் அதிகம் மடிந்து மடிந்து நிமிர்கிறது. அதிலேதான் சூடு ஏறுகிறது. கோடையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்ப்பதே முறை.

தேதி விஷயம் எளிது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ரப்பர், ஓடாமல் கிடந்தாலும் நாளடைவில் இறுகும். ரொட்டி போல நான்கு நாளில் கெடாதுதான்; ஆனாலும் ஆண்டுக் கணக்கில் குடோனில் கிடந்த சரக்கைப் புதிய விலைக்கு நாம் ஏன் வாங்க வேண்டும்?

பழைய டயர்க் கடைப் பக்கம் போகவே வேண்டாம் என்பது நம் கருத்து. மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் வரி வெட்டி, கறுப்புச் சாயம் பூசி வைத்திருப்பார்கள். பட்டன்களுக்கு இடையே குறுக்காக உள்ள சிறு மேடுகளின் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மழையில் பிரேக் பிடிக்காது. ரீபட்டன் டயரை நல்ல பட்டறையில் செய்திருந்தால் பின் சக்கரத்துக்குப் போடலாம், முன்னால் கூடாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் நைலான் என்பதும் ஆகாது.

பில் இல்லாமல் வாங்கும் பழக்கத்தை இனியாவது விட்டுவிடலாம். டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. சரக்கு வண்டி டயருக்குக் கட்டிய வரியை, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வணிகர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக் கொள்ளலாம். பில் இல்லையேல் அதுவும் இல்லை, டயர் உப்பிக் கொண்டால் வாரண்டி கேட்கவும் வழியில்லை. அந்தப் பில்லிலேயே அளவு, எடை எண், தயாரிப்புத் தேதி மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.