மனது வைத்தால் போதுமா?

மனச்சிதைவு நோயாளிகள் 'மனது வைத்தால் கவனிப்பார்கள்' என்ற வாதம் தவறு, கொடுமையும்கூட. மனது வைக்கத் தேவையே இல்லாத சோதனை ஒன்று உண்டு. காதில் ஒரே மாதிரி ஒலி வந்துகொண்டிருக்கும், நடுநடுவே சுருதி மாறிய ஒன்று வரும். கேட்பவர் அதைப் பொருட்படுத்தாமல் ஓசையில்லாத படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்போதும் அந்த மாற்றத்துக்கு மூளை சுமார் 150-200 மில்லிவிநாடியில் தனியாக ஒரு மின் அலையை எழுப்புகிறது. ஃபின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானன் குழு 1978இல் விவரித்த அலை இது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் இது சராசரியாகத் தாழ்ந்திருப்பதை 1990களிலிருந்து பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. முயற்சியே கேட்காத இடத்தில் குறை தெரிகிறது. பிறகு சோம்பல் என்று எதைச் சொல்கிறோம்?

இதை நோயறியும் பரிசோதனையாக்க முடியாது என்பதும் உண்மை. நலமாக இருப்பவர்கள் சிலருக்கும் அலை சிறிதாகவே இருக்கும். அதனால் என் வாதம் வலுவிழப்பதில்லை. "காதில் விழவில்லையா?" என்று பிள்ளையை அதட்டும் வீட்டாரிடம் நான் கேட்பது இதுதான்: டிவியை அணைத்துவிட்டு, ஒருவர் மட்டும், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள்.